இடுப்பளவு நீரில் ஓர் உருவம்: நீர்வண்ணத்தில் கடலும் மனிதரும்

கடலைத் தனியாகத் தீட்டிவிடலாம். மனிதரையும் தனியாகத் தீட்டிவிடலாம். இரண்டையும் ஒரே தாளில் சேர்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. முதல் முயற்சிகள் பலவற்றில் ஆள் கடலுக்குள் நிற்பதே இல்லை. கத்தரித்து ஒட்டிய படம்போல் மேலே மிதக்கிறார், அல்லது மேசைமேல் வைத்த மார்பளவுச் சிலைபோல் தெரிகிறார். முகமும் கையும் சரியாக வராததுதான் காரணம் என்று நினைத்து அவற்றையே திரும்பத் திரும்பத் திருத்துவார்கள். உண்மையில் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. உடலும் நீரும் சந்திக்கும் அந்த ஒரு விரற்கடை இடம், அதாவது நீர்க்கோடு, சரியாக அமையவில்லை. கீழே சொல்லியிருப்பதில் பாதிக்குமேல் அந்த ஒரு விரற்கடைக்காகத்தான்.

எடுத்துக்கொள்ளும் காட்சி இது: இடுப்பளவு நீரில், நமக்கு முதுகு காட்டி, கடலைப் பார்த்து நிற்கும் ஒருவர். வெயில் வலப்பக்கம் மேலிருந்து விழுகிறது. முதுகு காட்டி நிற்பவரை வேண்டுமென்றேதான் தேர்ந்தோம். முகம் வந்துவிட்டால் கண்ணும் மூக்கும் கவனத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். நீரைக் கவனிக்கவே தோன்றாது.

தேவையானவை

தாளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனம், கோல்டு பிரஸ் (லேசான சொரசொரப்பு உள்ளது), முழுப் பருத்தி. அளவு 28 × 38 செ.மீ. இந்த ஓவியத்தில் நீர்க்கோட்டை மூன்று நான்கு முறை மறுபடி நனைத்து இளக்க வேண்டிவரும். மரக்கூழ்த் தாள் அதைத் தாங்காது. இரண்டாம் முறை தேய்க்கும்போதே மேற்பரப்பு துகள்துகளாக எழும்பிவிடும். தாளை ஒரு பலகையில் வைத்து நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஓரத்தில் அரை செ.மீ. மறைந்தால் போதும்.

பிரஷ்களில் ரவுண்டு 12, 8, 4 எண்கள், 25 மி.மீ. ஃபிளாட் ஒன்று, மாஸ்கிங் திரவத்துக்கென்று (நிறம் படாமல் தாளை மறைத்து, பிறகு உரித்தெடுக்கும் திரவம்) ஒரு பழைய பிரஷ். இரண்டு குவளைத் தண்ணீர் வேண்டும்: ஒன்று பிரஷ் கழுவ, மற்றொன்று எப்போதும் சுத்தமாக. திசுத்தாள், 2பி பென்சில், ஸ்கேல், மாஸ்கிங் திரவம், சிறு டியூப் வெள்ளை குவாஷ் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்).

நிறங்கள் ஆறு போதும்: அல்ட்ராமரின் நீலம், தாலோ நீலம் (பச்சைச் சாயல் உள்ளது), யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், குவினாக்ரிடோன் ரோஸ்.

இரண்டு நீலம் எதற்கு என்று கேட்கலாம். அவற்றின் குணம் அடியோடு வேறு. தாலோ மிக நுண்ணிய துகள். தாளுக்குள் இறங்கிக் கறைபிடித்துவிடும், பிறகு எவ்வளவு ஒற்றினாலும் முழுதாகப் போகாது. வீரியமும் அதிகம். பட்டாணியளவு அல்ட்ராமரினுக்குக் கடுகளவு தாலோ போதும். அல்ட்ராமரின் துகள்கள் பருமனானவை, தாளின் குழிகளில் மணல்போல் படியும். ஈரப் பிரஷால் ஒற்றினால் பெரும்பகுதி எழும்பி வரும். ஆகவே உருவத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குத் தாலோவை மிகவும் நீர்த்தே பூச வேண்டும். அங்கே அடர்த்தி வேண்டுமானால் பிறகு அல்ட்ராமரினால் ஏற்றிக்கொள்ளலாம். நீர்க்கோட்டைத் திருத்தும் வாய்ப்பு அப்போதுதான் கையில் இருக்கும்.

கோடு போடுதல்

தாளை நெட்டுவாக்கில் வையுங்கள். மேல் விளிம்பிலிருந்து 10 செ.மீ. கீழே தொடுவானம். இரண்டு ஓரத்திலும் அளந்து புள்ளி வைத்து ஸ்கேலால் இணையுங்கள். இரண்டு மி.மீ. சாய்ந்தாலே போதும், கடல் ஒரு பக்கமாக வழிவதுபோல் தோன்றிவிடும். மேல் விளிம்பிலிருந்து 22 செ.மீ. கீழே, இட ஓரத்திலிருந்து 11 செ.மீ. தள்ளி, உருவத்தின் நீர்க்கோடு.

உருவத்தின் உயரத்தை உத்தேசமாக வைக்காதீர்கள், கணக்கு இருக்கிறது. தொடுவானம் எப்போதும் பார்ப்பவரின் கண் உயரத்தில் நிற்கும். ஈர மணலில் நின்று பார்ப்பவரின் கண் நீர்மட்டத்துக்கு மேல் சுமார் 1.5 மீட்டரில் இருக்கும். இடுப்பளவு நீரில் நிற்பவரின் உடலில் வெளியே தெரிவது சுமார் 65 செ.மீ. அப்படியானால் நீர்க்கோட்டிலிருந்து தொடுவானம் வரையுள்ள தூரத்தில் அவர் பாதிகூட எட்டமாட்டார். 100-க்கு 43 பங்குதான். நம் தாளில் அந்தத் தூரம் 12 செ.மீ. ஆகவே உருவம் 5.2 செ.மீ. தலை உயரம் 1.7 செ.மீ. என்று வைத்தால், தலையிலிருந்து இடுப்புவரை மூன்று தலை அளவு சரியாக அமையும்.

இதைக் கணக்கிடாமல் தலையைத் தொடுவானத்துக்கு மேல் நீட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கடல் பரப்பு நின்றபடி பார்த்ததுபோல் விரிந்திருக்கும், ஆளோ பூதம்போல் எழுந்து நிற்பார். மணலில் உட்கார்ந்து பார்க்கும் காட்சியில்தான் தலை தொடுவானத்தை ஒட்டி வரும். தொலைவில் இன்னொருவரை வைக்க ஆசையிருந்தால் இதே விகிதம்தான்: அவருடைய நீர்க்கோடு தொடுவானத்துக்கு 4 செ.மீ. கீழே என்றால் உருவம் 1.7 செ.மீ.

தோள் அகலம் தலை உயரத்தின் இருமடங்குக்குச் சற்றுக் குறைவு, 3.2 செ.மீ. வரை. கைகளை நேராகத் தொங்கவிடாதீர்கள். இடுப்பளவு நீரில் நிற்பவர் முழங்கையைச் சற்று மடக்கி, உள்ளங்கைகளை நீர்மேல் மிதக்கவிட்டபடிதான் நிற்பார். அலை தள்ளும்போது உடலை நிலைப்படுத்த கைகள் தாமாகவே அப்படி விரியும். இந்த ஒரு தோரணையே ‘நீரில் நிற்கிறார்’ என்று சொல்லிவிடும். கைக்கும் விலாவுக்கும் நடுவே முக்கோண இடைவெளி உண்டாகும். அதற்குள்ளும் கடல்தான். பூசும்போது அதை மறந்து வெள்ளையாக விட்டுவிட்டால் உருவம் கிழிந்ததுபோல் தெரியும்.

நீர்க்கோட்டை நேர்கோடாக இழுக்கவே கூடாது. இடுப்பு உருண்டையானது, நம் கண் அதற்கு மேலே இருக்கிறது. எனவே இடுப்பைச் சுற்றிய நீர்வளையத்தின் முன்பக்கம் கீழ்நோக்கித் தொய்ந்து தெரியும். ஓரங்களைவிட நடுப்பகுதி இரண்டு மி.மீ. தாழ்ந்தால் போதும். அதோடு, அலை வரும் நேரத்தில் இரண்டு பக்கமும் நீர் ஒரே உயரத்தில் நிற்காது. இடப்பக்கத்தை ஒரு மி.மீ. ஏற்றி வையுங்கள்.

பென்சில் கோடு மெலிதாக இருக்கட்டும். மேலே நிறம் ஏறியபின் அழிக்க முடியாது.

மாஸ்கிங்

வலத் தோளின் மேல் விளிம்பு, வலக் காதின் ஓரம், நீர்க்கோட்டின் வலப்பக்கம் ஓர் உடைந்த கோடு, அதைச் சுற்றி ஏழெட்டுப் புள்ளிகள். அவ்வளவுதான். எதுவும் ஒரு மி.மீ.க்குமேல் தடிக்க வேண்டாம். தாள் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தாளில் வைத்தால் திரவம் நாருக்குள் இறங்கி, உரிக்கும்போது தாளையும் பெயர்த்துக்கொண்டு வரும். பழைய பிரஷை முதலில் சோப்புத் தண்ணீரில் முக்கிக்கொண்டால் மயிர் ஒட்டிப் பாழாகாது. ஹேர் டிரையர் காட்டாதீர்கள், சூட்டில் இறுகிப்போகும். ஒரு நாளுக்குள் உரித்துவிடுவது நல்லது.

வானம்

வானத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம். தொடுவானம் வரை சுத்தநீரால் நனைத்து, மேலே நீர்த்த அல்ட்ராமரின், கீழே போகப்போக வெளுத்து, கடைசி 2 செ.மீ.க்கு மிக நீர்த்த யெல்லோ ஓக்கர். முற்றிலும் காயவிடுங்கள். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். தாள் சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த நிலையில் கடலைத் தொடங்கினால் தொடுவானம் பஞ்சுபோல் பரவிவிடும்.

கடலின் முதல் பூச்சு

கடலின் நிறம் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது என்று தெரிந்துகொண்டால் கலவை சுலபம். தொலைவில் நீர்ப்பரப்பைச் சாய்கோணத்தில் பார்க்கிறோம். அங்கே கண்ணுக்கு வருவது பெரும்பாலும் வானத்தின் பிரதிபலிப்பு. காலடிக்கு அருகில் ஏறத்தாழ மேலிருந்து பார்க்கிறோம். அங்கே பிரதிபலிப்பு மிகக் குறைவு, நீரின் உள்ளே இருக்கும் மணல் தெரியும். எனவே தொலைவு நீலச் சாம்பல், நடுப்பகுதி நீலப்பச்சை, அருகில் வெளிறிய பச்சை கலந்த மணல் நிறம்.

மூன்று கலவைகளை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று தேக்கரண்டியாவது இருக்க வேண்டும்; பாதியில் தீர்ந்து மறுபடி கலக்கும் இடைவெளியில் விளிம்பு காய்ந்து பட்டையாகிவிடும்.

முதல் கலவை: அல்ட்ராமரின், அதில் பர்ன்ட் சியன்னா ஒரு துளி.
இரண்டாவது: அல்ட்ராமரினும் தாலோவும், பெயருக்கு யெல்லோ ஓக்கர்.
மூன்றாவது: மிக நீர்த்த தாலோவும் யெல்லோ ஓக்கரும், ஓக்கர் தூக்கலாக.

பலகையின் தலைப்பக்கத்தில் ஒரு புத்தகத்தை வைத்துச் சாய்த்துக்கொள்ளுங்கள். 12-ம் எண் பிரஷை முதல் கலவையில் நன்றாகத் தோய்த்து, தொடுவானத்தை ஒரே இழுப்பில் இடமிருந்து வலம் போடுங்கள். கீழ் விளிம்பில் நிறநீர் மணியாகத் தேங்கி நிற்கும். அந்த மணியைக் கீழே கீழே இழுத்துக்கொண்டு வருவதுதான் வேலை. மேல் விளிம்பிலிருந்து 13 செ.மீ. அளவில் இரண்டாம் கலவைக்கும், நீர்க்கோட்டைத் தாண்டியதும் மூன்றாவதற்கும் மாறுங்கள். இடையிடையே கிடைமட்டமாக, நெல்மணி வடிவில் சில வெள்ளை இடைவெளிகள் நிற்கட்டும்.

தலைக்கு அருகே வந்ததும் 8-ம் எண்ணுக்கு மாறுங்கள். உருவத்தின் இடப்பக்கம் இரண்டு செ.மீ., வலப்பக்கம் இரண்டு செ.மீ. என்று மாறிமாறி இறங்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால், அதற்குள் அங்கே விளிம்பு காய்ந்திருக்கும். தலையும் தோளும் கைகளும் கூர்மையான விளிம்போடு வெள்ளையாக நிற்கட்டும். இடுப்புக்குக் கீழே மட்டும் கதை வேறு: நீர்க்கோட்டுக்கு மேலும் கீழுமாக 1 செ.மீ. இடத்தைச் சுத்தநீரால் நனைத்து, கடல் நிறம் தானாக உள்ளே கசியும்படி விடுங்கள். உருவத்தின் கீழ்ப்பகுதியில் விளிம்பே தெரியாமல் நிறம் மங்கி மறைய வேண்டும்.

பூச்சு பளபளப்பை இழக்கத் தொடங்கியதும் கையை எடுத்துவிடுங்கள். அரை ஈரத்தில் போய் இன்னொரு பிரஷ் நீர் வைத்தால், அந்த நீர் நிறத்தைத் தள்ளிக்கொண்டுபோய் காலிஃபிளவர் போன்ற விளிம்புகளை உண்டாக்கும். காய்ந்தபின் நிறம் வெளுக்கும் என்பதால், ஈரத்தில் பார்க்கும்போது ‘கொஞ்சம் தூக்கல்’ என்று தோன்றினால் அதுதான் சரியான அளவு.

உருவம்

உடலைக் கடலுக்கு முன்னரே தீட்டக்கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளைத் தாளின் பக்கத்தில் எந்தத் தோல் நிறமும் கறுத்துத் தெரியும். பயந்து வெளிறலாகப் பூசிவிடுவோம். கடல் வந்ததும் ஆள் காகிதம்போல் வெளுத்துவிடுவார். கடல் காய்ந்தபின் பூசினால் கண் ஏமாறாது.

மாநிறத் தோலுக்குப் பர்ன்ட் சியன்னாவில் குவினாக்ரிடோன் ரோஸ் சிறிது. அடர் நிறத்துக்கு அதோடு பர்ன்ட் அம்பர். வெளிர் தோலுக்கு யெல்லோ ஓக்கரும் ரோஸும் நிறைய நீரோடு. தலையின் கீழிருந்து தொடங்கிக் கழுத்து, தோள், முதுகு என்று ஒரே பூச்சாக இறங்குங்கள். வலத் தோளின் மேற்பகுதியில் நீரை அதிகமாக்கி வெளுக்க விடுங்கள். ஈரம் இருக்கும்போதே இடப்பக்க நிழலில் அல்ட்ராமரினைத் தொட்டுவையுங்கள். பிரஷால் கலக்காதீர்கள், தானே பரவட்டும். நிழலிலும் ஒளி உண்டு. தோளின் மேற்புற நிழலுக்கு வானத்தின் நீலமும், கையின் அடிப்புறத்துக்கும் விலாவின் கீழ்ப்பகுதிக்கும் நீரின் பச்சையும் வந்து சேரும். விலாவின் அடியில் இரண்டாம் கலவையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அந்தக் கணமே உடல் கடலுக்குச் சொந்தமாகிவிடும். இந்த ஓவியத்தில் மிகவும் மகிழ்ச்சி தரும் இடம் இதுதான்.

இடுப்பை நெருங்கும்போது பிரஷைக் கழுவிப் பிழிந்து, ஈரமாக மட்டும் வைத்துக்கொண்டு, தோல் நிறத்தைக் கீழ்நோக்கி இழுத்து மங்கவிடுங்கள். நீர்க்கோட்டைத் தாண்டி அரை செ.மீ. வரை அது போகலாம்.

முடிக்கு அல்ட்ராமரினும் பர்ன்ட் அம்பரும் கெட்டியாக. டியூப் கறுப்பு வேண்டாம், ஓட்டைபோல் தெரியும். ஈரமுடி தலையோடு ஒட்டியிருக்கும், ஆகவே தலையின் வடிவம் சற்றுச் சிறுத்தே தெரியும். உடுப்பு இருந்தால் நினைவில் வையுங்கள்: நனைந்த துணி காய்ந்ததைவிட அடர் நிறம், உடலோடு ஒட்டும், மடிப்புகள் குறையும். நீரிலிருந்து மேலேறும் ஈர எல்லை ஒழுங்கற்றதாக இருக்கட்டும்.

பிரதிபலிப்பும் நீருக்குள் இருக்கும் உடலும்

உருவம் காய்ந்த பின் பிரதிபலிப்பு. அது நீர்க்கோட்டுக்கு நேர் கீழே, பார்ப்பவரை நோக்கி வரும். வெயில் எந்தப் பக்கம் இருந்தாலும் மாறாது. நிழலோ வெயிலுக்கு எதிர்ப்பக்கம் சாயும். இரண்டையும் குழப்பி, பிரதிபலிப்பையும் சாய்வாகப் போட்டுவிடுவது சாதாரணமாக நடக்கும். இன்னொரு நெறி: வெளிச்சமான பகுதி பிரதிபலிப்பில் சற்று மங்கும், கறுத்த பகுதி சற்று வெளுக்கும். ஆக, பிரதிபலிப்பில் உருவத்தில் உள்ள அளவு ஏற்றத்தாழ்வு இருக்காது. தோல் கலவையில் இரண்டாம் கலவையைப் பாதிக்குப் பாதி சேர்த்து, 4-ம் எண்ணால் கிடைமட்டமான சிறு வளைவுகளாக இறக்குங்கள். நீர்க்கோட்டருகே நெருக்கமாக, கீழே போகப்போக அகலமாகவும் இடைவெளி விட்டும். 6 அல்லது 7 செ.மீ. நீளம் வரை போகலாம், ஏனென்றால் அசையும் நீர் பிரதிபலிப்பை இழுத்து நீட்டும்.

உடலின் பிரதிபலிப்பு விழும் இடத்தில் வானத்தின் பளபளப்பு தடுக்கப்படுகிறது. அதனால் அங்கேதான் நீருக்குள் பார்க்க முடியும். நீரில் மூழ்கிய உடலைக் காட்ட விரும்பினால் இந்த இருண்ட பகுதிக்குள் மட்டும், நீர்க்கோட்டுக்குக் கீழே ஒன்றரை செ.மீ.க்குள் ஒரு பச்சைகலந்த பழுப்பு வடிவம் போதும். நீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கும் என்பதால் அதில் ரோஸ் வேண்டாம். ஒளிமுறிவால் கால் குட்டையாகவும், நீர்க்கோட்டில் சற்று விலகியும் தெரியும், ஒரு மி.மீ. பக்கவாட்டில் தள்ளிப் போட்டாலே அந்த விளைவு கிடைக்கும். முழங்காலும் பாதமும் வரைய ஆசைப்படாதீர்கள்.

அலைகளின் இரண்டாம் பூச்சு

அலைகளை மீன்செதில்போல் ஒரே அளவில் அடுக்கக் கூடாது. தொடுவானத்தருகே மயிரிழைக் கோடுகள், அதுவும் ஆங்காங்கே. நீர்க்கோட்டின் மட்டத்தில் 1 செ.மீ. நீளத் துண்டுகள். தாளின் அடியில் 5, 6 செ.மீ. நீளமும் 1 செ.மீ. தடிப்பும் கொண்ட, இருபுறமும் கூம்பிய வடிவங்கள். ஒவ்வொன்றின் மேல் விளிம்பைக் கூர்மையாகவும் கீழ் விளிம்பை ஈரப் பிரஷால் இளக்கியும் விடுங்கள். பிறகு ஃபிளாட் பிரஷில் கெட்டியான நிறத்தை எடுத்து, திசுத்தாளில் ஒற்றி, பிரஷைப் படுக்கவைத்து வலப்பக்க நீர்மேல் வேகமாக இழுங்கள். தாளின் மேடுகளில் மட்டும் நிறம் பட்டு, குழிகள் மினுக்கும் ஒளியாக நிற்கும். மெதுவாக இழுத்தால் குழிகளும் நிரம்பிவிடும்.

நீர்க்கோட்டை முடித்தல்

மாஸ்கிங்கை இப்போது உரியுங்கள். விரலால் உருட்டி எடுத்தால் போதும். வந்த வெள்ளைக் கோடுகள் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். ஒரு முனையையாவது ஈரப் பிரஷால் இளக்குங்கள்.

ஐந்து செ.மீ.கூட இல்லாத இந்த வளையத்தில் நான்கு விதமான விளிம்பு இருக்க வேண்டும். வலப்பக்கம் ஒளிரும் வெள்ளைக் கோடு. நடுவில், தோலும் நீரும் எங்கே பிரிகின்றன என்றே தெரியாத மங்கல். இடப்பக்க நிழலில், உடலை ஒட்டி அல்ட்ராமரினும் அம்பரும் கலந்த ஒரு கறுத்த கீற்று, முக்கால் செ.மீ. நீளம். ஏதோ ஓரிடத்தில், சிறு அலையின் மடிப்பு உடலின்மேல் ஏறி அதைக் கொஞ்சம் மறைக்கும். கண்ணாடிக் குவளையில் விரலை நட்டு நிறுத்திப் பாருங்கள், இந்த நான்கும் உங்கள் விரலைச் சுற்றியே தெரியும்.

நீர்க்கோட்டுக்கு மேல் மூன்று மி.மீ. அகலத்துக்குத் தோலைச் சற்று அடர்த்தியாக்குங்கள். அலை இறங்கிய ஈரம் அது. அதன்மேல் ஒன்றிரண்டு வெள்ளைப் புள்ளி குவாஷால். மொத்த ஓவியத்திலும் பத்துப் புள்ளிக்குமேல் குவாஷ் வேண்டாம். தாளின் வெள்ளைக்கு முன்னால் அது சுண்ணாம்புபோல் தெரியும். நுரை சேர்ப்பதானால் அதற்கும் நிழல் உண்டு: மிக நீர்த்த அல்ட்ராமரினில் ரோஸ் ஒரு தொடல்.

அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் பஹாமா கடலில் நிற்கும் மனிதர்களை 1898-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீர்வண்ணத்தில் தீட்டியிருக்கிறார். அந்தப் படங்கள் கிடைத்தால் முகங்களை விட்டுவிட்டு நீர்க்கோட்டை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். உடல் எங்கே கூர்மையாக வெட்டப்படுகிறது, எங்கே கரைகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்வது ஒரு மாலைப் பயிற்சிக்குப் போதுமானது.

கோளாறு வந்தால்

ஆள் பாதியாக வெட்டப்பட்டதுபோல் தெரிந்தால், நீர்க்கோடு முழுக்கக் கூர்மையாக இருக்கிறது. 4-ம் எண் பிரஷை ஈரமாக்கி, நடுப்பகுதியில் ஒரு செ.மீ.க்குத் தேய்த்து, உடனே திசுத்தாளால் ஒற்றுங்கள். மூன்று முறைக்குமேல் தேய்த்தால் தாள் கந்தலாகும்.

மிதப்பதுபோல் தெரிந்தால் பிரதிபலிப்பு வெளிறியிருக்கிறது, அல்லது நீர்க்கோட்டைத் தொடாமல் இடைவெளி விட்டுத் தொடங்கியிருக்கிறது.

தோல் சேறாகிப்போனால், காயாத பூச்சின்மேல் மூன்று நான்கு நிறங்களைப் போட்டுக் கலக்கியிருக்கிறீர்கள். முழுக்கக் காயவிட்டு, சுத்தநீரால் நனைத்து ஒற்றியெடுத்து, இரண்டே நிறங்களால் மறுபடி பூசுங்கள். பர்ன்ட் சியன்னா ஓரளவு எழும்பி வரும். ரோஸ் கறையாக நின்றுவிடும், அதை அடிப்பூச்சாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

கடல் முழுக்கப் பாட்டில் மைபோல் பளிச்சென்றிருந்தால் தாலோ மிஞ்சிவிட்டது. மிக நீர்த்த பர்ன்ட் சியன்னாவை அதன்மேல் ஒரே தடவை, அழுத்தாமல் ஓடவிட்டால் அடங்கும்.

எல்லாம் காய்ந்தபின் டேப்பைத் தாளிலிருந்து வெளிப்பக்கமாக, சாய்வாக, மெதுவாக இழுத்து எடுங்கள். தாள் வளைந்திருந்தால் பின்பக்கத்தை ஈரப் பஞ்சால் லேசாகத் துடைத்து, இரண்டு சுத்தமான வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள்.